‘க்ளீனிங்’ என்னும் ஒற்றைச் சொல்: பல் கிளிப் அணிந்த ஓர் ஆய்வு மாணவனின் முறையீடு

இது சற்று நீண்ட பதிவு. மொழியியல் படித்தவன் பல் மருத்துவத்தைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சிலர் வியக்கக்கூடும். நான் எழுத வந்தது ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லுக்காக நான் மூன்று முறை பணம் கொடுத்திருக்கிறேன். அதன் பொருள் மூன்றாம் முறைதான் எனக்கு விளங்கியது.

இருபத்தேழாம் வயதில் பல் கிளிப் அணிந்தவன் நான். டெல்லியில் ஆய்வு மாணவனாக இருக்கும் எனக்குக் கம்பி மாட்டி இருபத்திரண்டு மாதங்கள் ஆகின்றன. இக்காலத்தில் மருத்துவரிடம் மூன்று முறை பற்களைச் சுத்தம் செய்துகொண்டேன். மூன்று ரசீதுகளிலும் ஒரே சொல்தான் எழுதப்பட்டிருக்கிறது: ‘க்ளீனிங்’. என் வாயில் நடந்தவையோ மூன்று வெவ்வேறு செயல்கள்.

முதல் முறை, கம்பி மாட்டிய ஐந்தாம் மாதம். சுழலும் சிறு ரப்பர் கிண்ணத்தில் பசையைத் தொட்டுப் பற்களின் முன்புறத்தைத் தேய்த்தார்கள். கம்பியைக் கழற்றவில்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, பற்கள் பளபளத்தன. இரண்டாம் முறை, பதினோராம் மாதம், ஈறுகளில் இரத்தம் கசியத் தொடங்கியபோது வேறொரு மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே நீரைப் பீய்ச்சியபடி அதிரும் கருவியால் கீழ்ப்பற்களின் உட்புறத்துக் காரையை அகற்றினார்கள். பிராக்கெட்டுகளின் ஓரங்களைக் கருவி தொடவேயில்லை. தொட்டால் அவை கழன்று விழும் என்று மருத்துவர் அஞ்சினார். இரண்டு இடங்களிலும் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. நானும் கேட்கவில்லை. சுத்தம் செய்வது என்றால் சுத்தம் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாம் முறை, பதினாறாம் மாதம், ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றேன். அங்கிருந்த இளம் மருத்துவர் கருவி எதையும் எடுக்குமுன் பற்களின்மீது ஒரு சாயத்தைத் தடவி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். ஒவ்வொரு பிராக்கெட்டைச் சுற்றியும் நீலமும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள். இளஞ்சிவப்பு அண்மையில் படிந்த படலம், நீலம் பல நாட்களாக அகலாமல் முதிர்ந்த படலம் என்று இந்தியில் பொறுமையாக விளக்கினார். என் பற்களின் ஈறோரம் முழுவதும் நீலமாக இருந்தது. பிறகு ரப்பர் வளையங்களையும் கம்பியையும் கழற்றிவிட்டு, கையால் சுரண்டும் நுண்கருவி, அதிர்வுக் கருவி, தூள் கலந்த நீர்த்தாரை ஆகியவற்றை இடத்துக்கு ஏற்றவாறு பயன்படுத்தினார். எல்லாம் முடிந்து பற்களை உலர்த்தியபோது மேற்பற்கள் நான்கில், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையே, சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மையான பிறைகள் தெரிந்தன. அவை அழுக்கில்லை. எனாமல் தன் தாதுக்களை இழந்த இடங்கள். எந்தச் சுத்தத்தாலும் அவை போகமாட்டா.

என் முறையீடு இதிலிருந்து தொடங்குகிறது. கம்பி அணிந்த நோயாளிக்குச் செய்யப்படும் தொழில்முறைச் சுத்தம் ஒரு செயல் அன்று. குறைந்தது ஐந்து செயல்கள். அவற்றுள் எது செய்யப்படுகிறது, எது விடப்படுகிறது, ஏன் என்பதை நோயாளிக்குப் பெயர் சொல்லி அறிவிப்பது சிகிச்சையின் ஒரு பகுதியாக வேண்டும். எல்லாவற்றையும் ‘க்ளீனிங்’ என்று சுருக்கிவிடும் வழக்கம் சொற்சிக்கனம் போலத் தோன்றினாலும், அதன் விலையைப் பற்கள் கொடுக்கின்றன.

கம்பி அணிந்த வாய் மற்ற வாய்களிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது? பிராக்கெட்டுகள் பல்லின்மேல் பிசினால் ஒட்டப்படுபவை. அமிலம் கொண்டு எனாமலைச் சற்றே அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாகப் பற்றும் என்பதை மைக்கேல் புவனகோர் 1955இல் காட்டினார். அதற்கு முன்பு ஒவ்வொரு பல்லுக்கும் உலோகப் பட்டை மாட்ட வேண்டியிருந்தது. பல் சீரமைப்பின் வரலாற்றில் இது பெரிய விடுதலை. ஆயினும் பிராக்கெட்டின் ஓரத்தில் கசிந்து நிற்கும் பிசின், அதன் சிறகுகளின் அடிப்பகுதி, கம்பிக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள வெளி, ரப்பர் வளையங்கள் ஆகிய யாவும் படலம் தங்குவதற்கு வாய்த்த மூலைகள். உமிழ்நீரும் நாக்கும் உதடும் இயல்பாகச் செய்துவரும் துடைப்பு அங்கெல்லாம் எட்டுவதில்லை.

அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமில காரக் குறியீடு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் இடையே தடித்த படலம் நின்றால் இழப்பே மிகும். கண்ணுக்குத் தெரியும் வெண்புள்ளி உருவாக நான்கு வாரங்களே போதும் என்று பல் சீரமைப்பு இலக்கியம் கூறுகிறது. கம்பியை இறுக்கவும் மாற்றவும் நாம் மருத்துவரிடம் செல்வதோ பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை. அதாவது இரண்டு வருகைகளுக்கு இடைப்பட்ட காலத்திலேயே சேதம் தொடங்கி முடியலாம். ஆகவே கம்பி அணிந்தவருக்கு, சுத்தத்தில் எந்த இடம் விடுபட்டது என்பது முதன்மையான கேள்வியாகிறது.

இனி, ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கும் செயல்களைத் தனித்தனியே பார்ப்போம்.

முதலாவது, கைக்கருவியால் சுரண்டுதல். அரிவாள் முனை போன்றும் சிறு கரண்டி போன்றும் நுனி கொண்ட எஃகுக் கருவிகளால் இறுகிய காரையைப் பெயர்த்தெடுப்பது. மெதுவான வேலை. ஆனால் மருத்துவரின் விரல்கள் பல்லின் பரப்பை உணர்ந்தபடியே செல்லும். பிராக்கெட்டின் ஓரங்களில் இந்த நிதானம் பயன்படும்.

இரண்டாவது, அதிர்வுக் கருவி. நம் ஊரில் ‘ஸ்கேலிங்’ என்றால் பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறோம். 1950களில் பல் மருத்துவத்துக்குள் வந்த இக்கருவியின் நுனி நொடிக்குப் பல்லாயிரம் முறை, பொதுவாக 25,000க்கும் மேல், அதிர்ந்து காரையை உடைக்கிறது. சூட்டைத் தணிக்க நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். ஈறோரத்திலும் பற்களின் உட்புறத்திலும் உள்ள கடினமான காரைக்கு இதுவே விரைவான வழி. பிராக்கெட்டின் அடியில் நுனியை நேராக அழுத்தினால் பிசின் விடுபடக்கூடும் என்பது உண்மை. அதற்காக அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டியதில்லை. ஆற்றலைக் குறைத்து, மெல்லிய நுனியைப் பொருத்தி, ஓரத்திலிருந்து விலக்கிப் பிடித்து வேலை செய்யலாம். எட்டாத இடத்துக்கு வேறு கருவியைக் கையில் எடுக்கலாம்.

மூன்றாவது, ரப்பர் கிண்ணமும் பசையும். இது மெருகூட்டல். தேநீர், காபிக் கறையையும் மென்மையான படலத்தையும் அகற்றும். இறுகிய காரையை அகற்றாது. வட்டமான கிண்ணம் சதுரமான பிராக்கெட்டின் மூலைகளுக்குள் நுழையாது. கம்பியைக் கழற்றாமல் மெருகூட்டினால் பளபளப்பு வருவது ஏற்கெனவே ஓரளவு தூய்மையாக இருந்த பரப்பில்தான். என் முதல் ரசீதின் ‘க்ளீனிங்’ இதுவே. ஏமாற்று என்று அதைச் சொல்லமாட்டேன். எனக்குத் தேவையானது அதுவன்று என்றுதான் சொல்கிறேன்.

நான்காவது, தூள் கலந்த காற்று நீர்த்தாரை. நுண்ணிய தூளைக் காற்றோடும் நீரோடும் சேர்த்துப் பல்லின்மேல் பீய்ச்சுவது. கருவியின் நுனி பல்லைத் தொடாததால் பிராக்கெட்டின் சிறகுகளுக்கு அடியிலும் கம்பியின் பின்புறத்திலும் தாரை புகும். கம்பி அணிந்தவர்களுக்கு இது பெரிதும் பொருந்தும் முறையாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம். ஆனால் தூள்களுக்குள் வேறுபாடு உண்டு. பழைய வழக்கமான சோடியம் பைகார்பனேட் சற்றுக் கரடானது. ஈறு விலகி வேர் வெளிப்பட்ட இடத்திலும் பிசின் நிரப்பிய இடத்திலும் அதைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை தேவை. உணவில் உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு அது ஏற்றதன்று. கிளைசின், எரித்ரிட்டால் ஆகியவற்றின் துகள்கள் அதைவிட நுண்மையானவை, மென்மையானவை. ஆஸ்துமா உள்ளவர்கள் எந்தத் தூளானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இத்தாரை இறுகிய காரையை உடைக்காது என்பதையும் மறக்கலாகாது. எனவே நான்காவது முறை இரண்டாவதற்கு மாற்று அன்று, துணை.

ஐந்தாவது, சுத்தத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை. முன்னால் சாயம் தடவிக் காட்டுவது. கம்பியையும் வளையங்களையும் கழற்றுவது. பின்னால் தேவையானவர்களுக்கு ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவது. இந்த வார்னிஷில் பொதுவாக 5 சதவீதம் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். தாது இழக்கும் எனாமலுக்கு அது கைகொடுக்கும். கம்பிக்கு அடியில் நுழையும் சிறு பிரஷை எப்படிச் செலுத்துவது என்று நோயாளியின் கையிலேயே கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்வதும் இதில் அடங்கும். இவையெல்லாம் சில நிமிட வேலைகள். ‘க்ளீனிங்’ என்ற சொல்லுக்குள் முதலில் காணாமற்போவன இவையே.

இந்த வேறுபாட்டை நான் புதிதாகக் கற்பிக்கவில்லை. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் பல் சுகாதாரப் பணியாளர் என்பவரை வரையறுக்கும்போது பற்களைச் சுரண்டுதல், சுத்தம் செய்தல், மெருகூட்டுதல் என்று மூன்று வினைகளைத் தனித்தனியே எண்ணுகிறது. பல் நலம் பேணக் கற்பித்தலையும் அதே வரையறைக்குள் சேர்க்கிறது. முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு சட்டம் பிரித்துச் சொன்ன வினைகளை இன்றைய ரசீது ஒன்றாக்கிவிட்டது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டுள்ள இவ்வேளையில், பணியாளர் எத்தனை பேர் என்ற கேள்வியோடு நோயாளிக்கு என்ன சொல்லப்படுகிறது என்ற கேள்வியும் எழ வேண்டும்.

சொல்லின் இன்னொரு தீங்கையும் சொல்லியாக வேண்டும். தமிழில் ‘சுத்தம்’ என்றாலும் இந்தியில் ‘சஃபாயி’ என்றாலும் அதன் எதிர்ப்பதம் அழுக்கு. ‘உங்களுக்குச் சுத்தம் செய்ய வேண்டும்’ என்ற வாக்கியத்தில் ‘நீங்கள் அழுக்காக இருக்கிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நம் சமூகத்தில் தூய்மை என்பது வெறும் உடல்நலச் சொல்லாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதை இதைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஈறில் இரத்தம் கசிந்ததை ஆறு வாரங்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை. சரியாகப் பல் துலக்கத் தெரியாதவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற நாணம். இரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமலும் விட்டேன். நீலத் திட்டுகள் முதிர்ந்தது அப்படித்தான். ‘பிராக்கெட்டைச் சுற்றிப் படலம் சேர்வது இயல்பு, அதை இன்ன கருவியால் இன்ன நாளில் அகற்றுவோம்’ என்று முதல் நாளிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த நாணத்துக்கு இடமிருந்திராது.

வேறுபாடு தெரியாத இடத்தில் அச்சங்களும் வளர்கின்றன. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், எனாமல் தேயும் என்று விடுதியில் என் அறைத்தோழர் உட்படப் பலர் உறுதியாக நம்புகிறார்கள். காரை பல நாட்களாக நிரப்பியிருந்த இடைவெளி அது அகன்றதும் வெளிப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றும்போது பல் நீண்டதுபோல் தோன்றுகிறது. சில நாட்கள் குளிர்நீர் கூசுகிறது. இவற்றையெல்லாம் கருவி செய்த கேடு என்று எண்ணுவது, விளக்கம் கிடைக்காதவருக்கு இயல்பான முடிவே. அவரை அறியாமை என்று கேலி செய்வதில் பயனில்லை. முன்கூட்டிச் சொல்லாதவர்களிடமும் பொறுப்பு உண்டு.

எதிர்வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வழக்கமான ஸ்கேலிங்கும் மெருகூட்டலும் பெரியவர்களின் ஈறு நலத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று 2018இல் வெளிவந்த காக்ரேன் திறனாய்வு முடிவு கூறியது. அது தொகுத்த ஆய்வுகள், கடுமையான ஈறு நோய் இல்லாத, பல் மருத்துவரிடம் ஒழுங்காகச் சென்றுவரும் பெரியவர்களைப் பற்றியவை. பற்களில் பிராக்கெட் ஒட்டப்பட்டு, துலக்குவதே கடினமாகிவிட்ட ஒருவரின் நிலை வேறு. இருப்பினும் அம்முடிவிலிருந்து நான் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு: எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சடங்கு போதாது. யாருக்கு, எந்த இடத்தில், எந்த முறை என்பதைக் கண்டு செய்ய வேண்டும். என் வாதமும் அதுவே. அதிகச் சுத்தம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெயர் சொல்லிச் செய்யும் சுத்தம் வேண்டும் என்கிறேன்.

தினமும் துலக்க வேண்டியவர் நோயாளியே, மருத்துவர் என்ன செய்வார் என்பது இரண்டாவது எதிர்வாதம். இதில் பெரும்பகுதி உண்மை. மருத்துவரிடம் செலவிடும் அரைமணி நேரம், வீட்டில் செலவிட வேண்டிய அன்றாடப் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. ஆனால் இறுகிய காரையை எந்த பிரஷும் அகற்றாது. எங்கே தவறுகிறோம் என்பதைக் கண்ணாடியில் ஒருமுறை காணாதவருக்கு ‘நன்றாகத் துலக்குங்கள்’ என்ற அறிவுரை வெற்றொலி. பதினாறு மாதங்கள் அந்த அறிவுரையைக் கேட்டேன். சாயம் காட்டிய ஒரு நாளில்தான் அதன் பொருள் புரிந்தது.

மூன்றாவது, செலவு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத ஆய்வு உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதில் வாழ்கிறவருக்கு ஒவ்வொரு சுத்தமும் தனிச் செலவு என்று பின்னால் தெரியவந்தால் முதலில் தள்ளிப்போடப்படுவது அதுதான். நானும் தள்ளிப்போட்டேன். ஆகவே சுத்தத்தைச் சிகிச்சைக்குப் புறம்பானதாக வைக்காமல், தொடக்கத்தில் கொடுக்கும் மதிப்பீட்டிலேயே அதன் எண்ணிக்கையும் கட்டணமும் இடம்பெற வேண்டும். முழுத்தொகை சற்றுக் கூடினாலும் நோயாளி அறிந்து முடிவெடுப்பார்.

நான் வேண்டுவன நான்கே. ஒன்று, ரசீதிலும் குறிப்பேட்டிலும் செய்த முறையின் பெயரை எழுதுங்கள். இரண்டு, கம்பி மாற்றும் நாளிலேயே சுத்தத்தை வையுங்கள். எப்படியும் கழற்றப்போகும் கம்பி, மீண்டும் மாட்டுவதற்குமுன் அரைமணி நேரம் வெளியே இருந்தால் எட்டாத இடமெல்லாம் எட்டும். பல் சீரமைப்பு மருத்துவரும் சுத்தம் செய்பவரும் வேறு வேறு என்றால் இருவரும் ஒரு வரி பேசிக்கொள்வது போதும். மூன்று, நோயாளியின் மொழியில் ஒரு பக்க விளக்கத்தாள் கொடுங்கள். சிகிச்சை ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியாத மொழியில் இருந்தால், ஒப்புதல் என்ற சொல்லே கேள்விக்குரியதாகிறது. மொழியியல் மாணவர்களாகிய நாம் உதவக்கூடிய இடமும் இதுவே. எந்தத் துறையாவது முன்வந்தால் தமிழ்த்தாளை எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். நான்கு, பல்கலைக்கழக நல மையங்கள், கம்பி அணிந்த மாணவர்களை அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்துவிடலாம்.

கம்பி அணிந்த மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாற்காலியில் சாய்வதற்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இன்று என்ன முறை? கம்பியைக் கழற்றுவீர்களா? எந்த இடங்களில் படலம் நிற்கிறது என்று காட்டுவீர்களா? பின்னர் ஃபுளோரைடு தேவையா? கேட்பது அவமதிப்பு அன்று. எனக்கு விடை சொன்ன அந்த இளம் மருத்துவர், கேள்விகளால் மகிழ்ந்தாரே ஒழியச் சினக்கவில்லை.

நம் பழைய இலக்கண நூல்கள் தகர நகரங்களின் பிறப்பிடத்தைச் சொல்லும்போது மேற்பல்லின் அடியைச் சுட்டுகின்றன. பத்தாண்டுகளாக அந்த இடத்தை நூற்பாவிலும் வரைபடத்திலும் படித்தவன், என் வாயில் அதே இடத்தைக் கண்ணாடியில் ஒருமுறையும் உற்றுப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் என் பிராக்கெட்டுகளைக் கழற்றப்போகிறார்கள். பற்கள் வரிசைக்கு வந்துவிட்டன. நான்கு வெண்பிறைகளும் அங்கேயே இருக்கும். காலப்போக்கில் சற்று மங்கலாம். நான் சிரிக்கும்போது யாரேனும் கேட்டால், ‘க்ளீனிங்’ என்ற சொல்லின் பொருளை அவருக்கு விளக்கிச் சொல்வேன்.